கைவிளக்கேந்திய காரிகையும் செவிலியர் தலைமையும்

பிணி தீர்க்கும் பணி தனியொருவரால் முற்றுப்பெறுவதன்று. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கும் ஒருங்கிணைந்தால்தான் அது நிறைவுறும் என்று திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வரையறுத்துள்ளார். காஞ்சிபுரத்தவர் என மரபு போற்றும் உரையாசிரியர் பரிமேலழகர், அந்நான்கனுள் ஒவ்வொன்றையும் மேலும் நான்காக விரித்தார். அருகிருந்து பேணுபவர்க்கு அவர் கூறிய நான்காவன: நோயாளியிடத்து அன்பு, மனம், மொழி, மெய் ஆகியவற்றின் தூய்மை, சொல்லியவற்றைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு. செவிலியர் கல்லூரி என்பதோர் அமைப்பே தோன்றாத காலத்தில் வகுக்கப்பெற்ற இவ்விலக்கணம் இன்றும் பழுதின்றி நிற்பதை எண்ணி நாம் பெருமிதம் கொள்கிறோம்.

ஆயினும் இங்கு ஒரு வினா எழுகிறது. இந்நான்கு பண்புகளும் ஒரு நோயாளியின் அருகில் இருக்கும் ஒருவருக்கு உரியவை. நாற்பது படுக்கைகள் கொண்ட கூடத்தில், காலை, மாலை, இரவு என முறைவைத்துப் பணியாற்றும் பல செவிலியரை நடத்திச் செல்லும் தலைமைச் செவிலிக்கு இவை மட்டும் போதுமா? தாம் அன்புடையவராக இருத்தல் ஒன்று. தாம் இல்லாத நள்ளிரவிலும் அக்கூடத்தில் அன்பு குறையாதிருக்கும்படி செய்தல் மற்றொன்று. இவ்விரண்டாவது ஆற்றல் எத்தகையது என்பதை நாம் அறிய வேண்டுமாயின், கைவிளக்கேந்திய காரிகை என்று உலகம் கொண்டாடும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் வாழ்வைக் காண்பதே தக்க வழியாகும். பள்ளிப் பாடநூல்கள் அவரது கையிலிருந்த விளக்கை நமக்குக் காட்டின. அவரது மேசையிலிருந்த கணக்கேட்டை நாம் காணத் தவறிவிட்டோம்.

தடைகள் சூழ்ந்த இளமை

1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலி நாட்டின் ஃபிளாரன்ஸ் நகரில், ஆங்கிலேயச் செல்வக் குடும்பம் ஒன்றில் அம்மையார் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. தந்தையார் வில்லியம் எட்வர்ட் நைட்டிங்கேல் கல்வியில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். பெண்மக்கள் இருவருக்கும் இலத்தீன், கிரேக்கம், வரலாறு முதலியவற்றைத் தாமே கற்பித்தார். இளையவரான ஃபிளாரன்சுக்குக் கணிதத்தின்மீது தணியாத வேட்கை இருந்தது. விருந்தும் இசையும் நிறைந்த மாளிகையில், எண்களோடு பொழுது போக்கும் மகளை அன்னையார் கவலையுடனேயே நோக்கினார்.

தம் பதினேழாம் அகவையில், மக்கள் தொண்டுக்குத் தாம் அழைக்கப்பட்டிருப்பதாக அம்மையார் உணர்ந்தார். பின்னர் மருத்துவமனைக்குச் சென்று செவிலியர் பயிற்சி பெற விரும்பியபோது, அன்னையாரும் தமக்கையாரும் பெரிதும் எதிர்த்தனர். அக்கால இங்கிலாந்தில் செவிலியர் பணி மதிப்பற்ற பணியாகக் கருதப்பட்டது. கல்வியற்றோரும் குடிப்பழக்கம் உடையோருமே அதற்கு வருவர் என்னும் எண்ணம் நிலவியது. நற்குடிப் பெண் அங்குச் செல்வது குலத்துக்கு இழுக்கு என்று குடும்பத்தார் அஞ்சினர். அறிஞர் ஒருவர் மணம் பேசி வந்தபோதும் அம்மையார் நெடிது சிந்தித்து மறுத்துவிட்டார். இத்தடைகளுக்கிடையே, விடியற்காலையில் எழுந்து, மருத்துவமனைகள் பற்றிய அரசு அறிக்கைகளைத் தாமே படித்துக் குறிப்பெடுத்து வந்தார். பின்னாளில் அமைச்சர்களே அவரிடம் புள்ளிவிவரம் கேட்டு நின்றமைக்கு இவ்விடியற்காலைப் படிப்பே அடித்தளமாயிற்று.

1851ஆம் ஆண்டு செருமனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் இடத்தில், பாதிரியார் ஃபிளீட்னர் நடத்திய நிலையத்தில் மூன்று திங்கள் பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு அகவை 31. விரும்பிய வாயிலில் கால் வைக்கவே பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

முதற் பொறுப்பு

1853ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், இலண்டன் மாநகரின் ஹார்லி தெருவில் நோயுற்ற பெண்மணிகளுக்கென அமைந்த சிறு மருத்துவ இல்லமொன்றின் கண்காணிப்பாளராக அம்மையார் பொறுப்பேற்றார். தந்தையார் ஆண்டுக்கு 500 பவுண்டு வழங்கி மகளின் தனி வாழ்வுக்கு வழிசெய்தார். வெளியுலகம் அதிகம் பேசாத இவ்வோராண்டுப் பணியே, செவிலியர் தலைமை என்பது யாது என்பதை முதன்முதலாகக் காட்டிற்று என்று நாம் கருதுகிறோம்.

செவிலியர் நாளும் பன்முறை வெந்நீர்க் குடத்துடன் மாடிப்படி ஏறி இறங்குவதை அவர் கண்டார். அவர்களை விரைந்து நடக்குமாறு அவர் ஏவவில்லை. ஒவ்வொரு மாடிக்கும் குழாய்வழி வெந்நீர் வரவேண்டும் என்றார். உணவுத் தட்டுகளை மேலேற்றுவதற்குக் கயிற்றுப்பொறி வேண்டும் என்றார். நோயாளி மணியடித்தால், அழைத்தவர் யாரென்று செவிலிக்கு உடனே தெரியும்படி மணிகளை அமைக்கச் செய்தார். செவிலியின் கால்கள் படிக்கட்டில் தேய்ந்தால், கண்கள் நோயாளிமீது நிலைக்கமாட்டா என்பதை அவர் உணர்ந்திருந்தார். பணியாளரைக் கடிந்துகொள்வதற்கு முன் பணியின் அமைப்பைத் திருத்துதல் என்னும் இம்முறை இன்றைய மேலாண்மை நூல்கள் விரித்துரைக்கும் பாடமாகும்.

பொருள்களைச் சில்லறையாக வாங்குவதைத் தவிர்த்து மொத்தமாக வாங்கச் செய்தார். செலவுக் கணக்கை முறையாக எழுதி நிருவாகக் குழுவினர் முன் வைத்தார். அக்குழுவினர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்தோரை மட்டுமே சேர்க்க விரும்பினர். கத்தோலிக்கரும் யூதரும் தத்தம் சமய குருமாருடன் வரலாம் என்னும் விதியில்லையேல் தாம் விலகுவதாக அம்மையார் உறுதிபடக் கூறி, அவ்விதியைப் பெற்றார். நோய்க்குச் சமயமில்லை, எனவே நோயாளிக்கும் சமயம் கேட்கலாகாது என்பது அவரது நிலைப்பாடு. பல சமயத்தாரும் தோளோடு தோள் சேர்ந்து வாழும் காஞ்சி போன்ற நகரத்தில் இதன் பொருளை நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஸ்குட்டாரியின் இருள்

1854ஆம் ஆண்டு, உதுமானியப் பேரரசுடன் இங்கிலாந்தும் பிரான்சும் கைகோத்து, உருசியாவுக்கு எதிராகக் கிரிமியாப் போரில் இறங்கின. இஸ்தான்புல் நகருக்கு எதிர்க்கரையில் ஸ்குட்டாரி எனப்பட்ட உஸ்குதாரில் இருந்த துருக்கியப் படைவீடு, ஆங்கிலேயப் படைக்கு மருத்துவமனையாக வழங்கப்பட்டது. அங்குக் காயமுற்றோர் கவனிப்பாரற்றுக் கிடப்பதை நாளிதழ்கள் வெளியிட்டபோது இங்கிலாந்து கொதித்தெழுந்தது. போர்த்துறைச் செயலர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, 38 செவிலியருடன் அம்மையார் அக்டோபர் 21ஆம் நாள் இலண்டனை விட்டுப் புறப்பட்டு, நவம்பர் 4ஆம் நாள் ஸ்குட்டாரியை அடைந்தார்.

அந்த 38 பேருள் கத்தோலிக்கத் துறவியர் பதின்மர். ஆங்கிலத் திருச்சபையின் அருட்சகோதரியரும் இருந்தனர். மருத்துவமனைகளில் ஊதியத்துக்குப் பணிபுரிந்த செவிலியர் 14 பேர். கல்வியாலும் வாழ்நெறியாலும் வேறுபட்ட இவர்களை ஒரே ஒழுங்குக்குள் கொணர்வது எளிதாக இல்லை. குடித்து ஒழுங்கு தவறியோரைத் தயக்கமின்றித் திருப்பி அனுப்பினார். சமயப் பூசல் எழுந்தபோது எப்பக்கமும் சாயாமல் நின்றார்.

அங்கிருந்த மருத்துவர்கள் அவரை வரவேற்கவில்லை. தம் அதிகாரத்தில் தலையிட ஒரு பெண் வந்துவிட்டதாகவே அவர்கள் எண்ணினர். அம்மையாரிடம் அமைச்சரின் ஆணை இருந்தது. அதனை நீட்டிக் கூடத்துள் நுழைந்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மருத்துவர் அழைத்தாலன்றி எந்தச் செவிலியும் நோயாளியைத் தொடலாகாது என்று கட்டளையிட்டார். காயமுற்றோர் முனகும் ஒலி காதில் விழ, செவிலியர் கட்டுத்துணிகளை மடித்தும் சட்டைகளைத் தைத்தும் காத்திருந்தனர். அம்மையாரைக் கல்நெஞ்சர் என்று சிலர் முணுமுணுத்தனர். சில நாள்களில் போர்க்களத்திலிருந்து காயமுற்றோர் கப்பல் கப்பலாக வந்திறங்க, மருத்துவர்களே செவிலியரை அழைத்தனர். அன்றுமுதல் கதவு மூடப்படவேயில்லை.

நம் காஞ்சிப் பட்டுச் சேலையின் சிறப்பு கோர்வையில் உள்ளது. உடலும் கரையும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு ஊடை. நெய்பவரும் அருகமர்ந்து துணைசெய்பவரும் ஒத்த கதியில் இயங்கி, இரண்டையும் பிரிக்கவொண்ணாது பிணைக்கின்றனர். ஒருவர் முந்தினும் மற்றவர் பிந்தினும் சேலை பழுதாகும். மருத்துவமும் செவிலியமும் இணையும் கோர்வையும் இத்தகையதே. தன்மதிப்பைக் கைவிடாமலும் பிறர் எல்லையை மிதியாமலும் அக்கோர்வையை நெய்வதற்குப் பொறுமை என்னும் பேராற்றல் தலைமைச் செவிலிக்கு வேண்டும்.

அவ்வாண்டு இறுதியில், அவரைக் கேளாமலேயே மேலும் நாற்பதுக்கும் மேற்பட்ட பெண்களை இலண்டனிலிருந்து அனுப்பிவைத்தனர். ஆள் பற்றாக்குறையால் அல்லலுற்ற இடத்துக்கு ஆள் வந்தால் மகிழ்ச்சிதானே என்று நமக்குத் தோன்றும். அம்மையாரோ சினந்தெழுந்து, தம் பதவியையே துறப்பதாக எழுதினார். தங்க இடமும் தகுந்த பயிற்சியும் யார் யாருக்குக் கீழ்ப்படிவது என்னும் தெளிவும் இன்றி வரும் கூட்டம், உதவியாகாது, சுமையே ஆகும் என்பது அவர் கருத்து. இவ்வழக்கில் அவரது கடுமையை நாம் முற்றும் பாராட்ட இயலாவிடினும், பொறுப்பும் அதிகாரமும் ஓரிடத்தில் இருக்க வேண்டும் என்னும் அவரது கொள்கையை மறுக்க இயலாது. 1856இல் படைத்துறை வெளியிட்ட ஆணை, போர்முனை மருத்துவமனைகள் அனைத்திலும் செவிலியர்மீது அவருக்கு இருந்த அதிகாரத்தை உறுதிசெய்தது.

சமையலறையும் சலவைக்கூடமும்

ஸ்குட்டாரியில் அவர் முதலில் ஒழுங்கு செய்தது சமையலறையையே. வேகாத இறைச்சியை உண்ண இயலாது வாடியோருக்குக் கஞ்சியும் சாறும் வேளை தவறாது கிடைக்கச் செய்தார். அடுத்து, ஒரு வீட்டை வாடகைக்கு அமர்த்திக் கொதிகலன்களை வைத்து, போர்வீரர்தம் மனைவியரையே கூலிக்கு அமர்த்திச் சலவைக்கூடம் நடத்தினார். இதனால் நோயாளிக்குத் தூய ஆடையும், ஆதரவற்று நின்ற பெண்களுக்கு வாழ்வூதியமும் ஒருசேரக் கிடைத்தன. இடிந்து கிடந்த கூடங்களைச் செப்பனிட அதிகாரிகள் தாமதித்தபோது, தாமே கூலியாள்களை அமர்த்தி, 800 பேருக்கு இடம் செய்தார்.

கப்பலில் வந்த சட்டைகளும் போர்வைகளும் கிடங்கில் கிடந்தன. குழு கூடி ஒப்பமிட்டாலன்றி மூட்டைகளை அவிழ்க்கலாகாது என்பது விதி. விதிக்காகக் குளிரில் நடுங்கியோர் பலர். அம்மையார் நன்கொடைப் பணத்தைக்கொண்டு இஸ்தான்புல் கடைத்தெருவில் வேண்டியவற்றை வாங்கி, எப்பொருள் எவ்வளவு வந்தது, எக்கூடத்துக்கு எவ்வளவு சென்றது என்று துல்லியமாகக் கணக்கெழுதினார். பட்டையும் சரிகையையும் நிறுத்துக் கொடுத்து, சேலையாக வரும்போது நிறுத்து வாங்கும் காஞ்சி நெசவுலகத்துக்கு இவ்வொழுங்கு புதிதன்று. கொடுத்ததற்கும் பெற்றதற்கும் கணக்கு நேராயிருந்தால்தான் நம்பிக்கை நிலைக்கும். அவர்மீது குற்றங்காண முயன்றோர் அக்கணக்கின் முன் வாயடைத்து நின்றனர்.

இரவு எட்டு மணிக்குப் பின் பிற பெண்கள் கூடங்களில் இருத்தலாகாது என விதித்த அம்மையார், தாம் மட்டும் விளக்குடன் வரிசை வரிசையாகச் சுற்றிவந்தார். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1857இல் பாடிய பாட்டு அவ்விளக்கை உலகறியச் செய்தது. ஓவியர் பலர் தீட்டியதுபோல் அது கிண்ண வடிவிலான அகல் அன்று. மடித்து விரிக்கக்கூடிய துருக்கியக் கூண்டு விளக்கு. அரபு மொழியின் வழிவந்து நம் இல்லங்களிலும் வழங்கிய பானூஸ் என்னும் சொல்லே அதற்கும் பெயர். அவ்விரவு உலாவில் இரக்கம் இருந்தது; கண்காணிப்பும் இருந்தது. எவருக்கு நீர் தரப்படவில்லை, எக்கட்டு நனைந்துள்ளது, எவர் பணியில் உறங்கினார் என்பனவெல்லாம் அவ்வொளியில் புலப்பட்டன.

எண்கள் உரைத்த உண்மை

இங்கு நாம் மறைத்தற்கியலாத செய்தியொன்று உண்டு. அம்மையார் வந்தபின்னும் அக்குளிர்காலத்தில் ஸ்குட்டாரியில் இறப்பு குறையவில்லை, பெருகியது. 1855 பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்னும் கொடிய அளவை இறப்பு எட்டியது. கட்டடத்தின் அடியில் கழிவுநீர்க் கால்வாய்கள் அடைபட்டுக் கிடந்தன, குடிநீரும் மாசுற்றிருந்தது. மார்ச்சுத் திங்களில் மருத்துவர் சதர்லாந்து முதலியோர் அடங்கிய சுகாதாரக் குழுவினர் வந்து, கால்வாய்களைத் தூய்மை செய்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசி, காற்றோட்டத்துக்கு வழிசெய்தனர். சூன் திங்களில் இறப்பு நூற்றுக்கு 2 என்னும் அளவுக்கு இறங்கியது.

1856ஆம் ஆண்டு நாடு திரும்பியபின், புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இவ்வெண்களை ஆராய்ந்த அம்மையார், காயத்தால் மாண்டோரினும் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டோர் பன்மடங்கு என்பதைத் தெளிந்தார். எத்துணை அன்புடன் பேணினும், அடியில் சாக்கடை அடைபட்டிருந்தால் அன்பு தோற்கும் என்பதே அவ்வெண்கள் கற்பித்த பாடம். அப்பாடம் அவரது உள்ளத்தை வாழ்நாள் முழுதும் வாட்டியது. வாழ்நாள் முழுதும் பணிசெய்யவும் தூண்டியது. இறப்பின் காரணங்களை வண்ணப் பிரிவுகளாக வட்டத்தில் காட்டும் வரைபடத்தை அமைத்து, எண்களைப் படிக்க விரும்பாத ஆட்சியாளரையும் பார்க்கச் செய்தார். 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகத்தின் முதற் பெண் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். மருத்துவமனைகள் யாவும் ஒரே வகைப் படிவத்தில் நோயும் இறப்பும் குறிக்க வேண்டும் என்று அவர் வகுத்த திட்டம், 1860இல் இலண்டனில் கூடிய உலகப் புள்ளியியல் மாநாட்டில் ஆராயப்பட்டது. தம் கூடத்தில் நிகழ்வதை அளந்து பார்க்கும் துணிவு, அளவு தமக்கு எதிராக நின்றாலும் அதனை ஏற்கும் நேர்மை, இவ்விரண்டும் தலைமைச் செவிலிக்கு இன்றியமையாதவை.

தாம் இல்லாதபோதும்

1859இல் வெளிவந்த அவரது செவிலியம் பற்றிய குறிப்புகள் என்னும் நூலில் சில்லறை மேலாண்மை என்று பொருள்படும் ஓர் இயல் உள்ளது. தலைப்பு எளியது, பொருள் பெரியது. பொறுப்பில் இருப்பவர் தாம் இருக்கும்போது செய்வதையெல்லாம், தாம் இல்லாதபோதும் நிகழுமாறு ஏற்பாடு செய்யத் தெரியாவிடின், அவரது உழைப்பெல்லாம் வீணாகும் என்பதே அவ்வியலின் சாரம். தாமே ஓடியாடி அனைத்தையும் செய்வது பொறுப்பேற்றல் ஆகாது. எவர் எதனை எப்போது செய்வது என்பதை வகுத்து, அது நிகழ்வதை உறுதிசெய்வதே பொறுப்பேற்றல். தாம் இன்றேல் இங்கு ஒன்றும் நடவாது என்று பெருமிதம் கொள்வோரை அவர் திறமையற்றோராகவே கண்டார். பரிமேலழகர் கூறிய நான்கனோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டுமாயின், நாம் சேர்க்க வேண்டியது இதுவேயாகும்.

இக்கருத்துக்கு அவர் உருவமும் தந்தார். மக்கள் அவருக்கென்று திரட்டிய நிதியைக்கொண்டு, 1860ஆம் ஆண்டு இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. முதலில் சேர்ந்தோர் 15 பேர். தலைமைச் செவிலியான வார்ட்ரோப்பர் அம்மையார் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும் திங்கள்தோறும் பதிவேட்டில் குறித்தார். நேரந்தவறாமை, அமைதி, நம்பகம், தூய்மை ஆகியவற்றோடு, கூடத்தை நடத்தும் திறனும் அப்பதிவேட்டில் ஒரு கூறாக இடம்பெற்றது. நோயாளியைப் பேணக் கற்கும்போதே கூடத்தை நடத்தவும் கற்பிக்க வேண்டும் என்பதும், செவிலியரை நடத்துபவர் பயிற்சி பெற்ற செவிலியாகவே இருக்க வேண்டும் என்பதும் அவரது உறுதியான கொள்கைகள். அப்பள்ளியில் பயின்ற ஆக்னஸ் ஜோன்ஸ் 1865இல் லிவர்பூல் ஏழையர் மருத்துவமனையின் செவிலியர் தலைமையை ஏற்றார். லூசி ஆசுபர்ன் 1868இல் ஆத்திரேலியாவின் சிட்னி நகருக்குச் சென்றார். ஒரு விளக்கிலிருந்து பல விளக்குகள் ஏற்றப்பெற்றன.

தமிழகத்தை எட்டிய ஒளி

அம்மையார் இந்திய மண்ணில் கால் வைத்ததேயில்லை. ஆயினும், உடல்நலம் குன்றி அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்த ஆண்டுகளில், அவர் இந்தியாவைப் பற்றி எழுதியவை மிகப்பல. 1859இல் இந்தியப் படையின் சுகாதார நிலையை ஆராய அரச ஆணைக்குழு அமைந்தபோது, சென்னை மாகாணம் உட்பட இந்தியப் படைநிலையங்களுக்கெல்லாம் அனுப்பிய வினாப்பட்டியலை வகுப்பதில் அவர் பெரும்பங்கு கொண்டார். இங்கிருந்த ஆங்கிலேயப் படைவீரருள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மாண்டதை 1863ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டே சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களில் சுகாதாரக் குழுக்கள் அமைந்தன. படைவீரர் நலத்தில் தொடங்கிய அவரது அக்கறை, ஊர்தோறும் நல்ல நீரும் வடிகாலும் வேண்டும் என்று பொதுமக்கள் நலமாக விரிந்தது. காஞ்சிபுரம் நகராட்சி 1866இல் அமைக்கப்பெற்றதும் இக்காலத்திலேயே. திருவிழாக்களில் பெருந்திரளாக மக்கள் கூடும் இத்தகைய ஊர்களில் வாந்திபேதி பரவுமோ என்பதே அந்நாளைய ஆட்சியாளரின் தீராக் கவலையாக இருந்தது.

1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக விளங்கிய நேப்பியர் பிரபு, போர்க்காலத்தில் இஸ்தான்புல் தூதரகத்தில் பணியாற்றி, அம்மையாரின் தொண்டை அறிந்தவர். சென்னை மாகாணத்தின் சுகாதாரம் குறித்தும் நீர்ப்பாசனம் குறித்தும் இருவரிடையே கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. இந்திய மருத்துவமனைகளுக்கான செவிலியர் அமைப்புத் திட்டத்தை 1865இலேயே அம்மையார் எழுதி அளித்திருந்தார். 1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி தொடங்கப்பெற்றது. 1876 முதல் 1878 வரை கொடும்பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, பட்டினியால் மடியும் உழவர்க்காக அவர் இங்கிலாந்து இதழ்களில் எழுதினார். பஞ்சகாலத்துக் காஞ்சியில் அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்த மணிமேகலையின் கதையை அறிந்த நமக்கு, அவர் எவ்வழியில் வந்தவர் என்பது விளங்கும்.

1909இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் தொடங்கிய செவிலியர் பள்ளி, 1946இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர் சட்டம் இயற்றப்பெற்றது. இவ்வாறு தமிழகத்தில் செவிலியம் சட்டத்தாலும் கல்வியாலும் வேரூன்றியது.

1907இல் இங்கிலாந்தின் உயர் விருதான ஆர்டர் ஆஃப் மெரிட்டைப் பெற்ற முதற் பெண்மணி என்னும் சிறப்பை அம்மையார் எய்தினார். அப்போது அவரது கண்கள் ஒளியிழந்திருந்தன. 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் தொண்ணூறாம் அகவையில் இயற்கை எய்தினார். அரசர்கள் துயிலும் ஆலயத்தில் இடந்தர நாடு முன்வந்தும், குடும்பத்தார் அதனை ஏற்கவில்லை. ஊர்ப்புறத் தேவாலய வளாகத்தில் உள்ள கல்லறையில் பெயரின் முதலெழுத்துகளும் பிறந்த, மறைந்த நாள்களும் மட்டுமே பொறிக்கப்பெற்றுள்ளன.

நம் முன் உள்ள கடமை

காஞ்சிபுரத்தில் பிறந்து, புற்றுநோயால் 1969இல் மறைந்த அறிஞர் அண்ணாவின் பெயரால் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. மாவட்ட அரசு மருத்துவமனையும் நகரில் உள்ளது. இத்தகைய இடங்களில் ஒரு கூடத்தின் பொறுப்பை ஏற்கும் செவிலி, ஒரு நாளில் எத்தனை பணிகளைச் செய்ய வேண்டியுள்ளது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். முறைப்பட்டியல் எழுத வேண்டும். பணி மாறும் வேளையில் ஒவ்வொரு நோயாளியும் முறையாக ஒப்படைக்கப்படுவதைக் காண வேண்டும். மருந்தும் ஆக்சிஜனும் தீருமுன் கேட்டுப் பெற வேண்டும். கழிவுகள் நிறம் பிரித்து அகற்றப்படுவதைப் பார்க்க வேண்டும். தவறிழைத்த இளஞ்செவிலியை, நோயாளி முன் அவமதியாமல், தனியே அழைத்துத் திருத்த வேண்டும். துயரத்தால் சினக்கும் உறவினரை அமைதிப்படுத்த வேண்டும். இவையெல்லாம் பிறவியிலேயே வருவனவல்ல, கற்பித்தால் வருவன. பணிமூப்பு ஒருவரை நாற்காலியில் அமர்த்தலாம். நாற்காலிக்குரிய பயிற்சியை அது தந்துவிடாது. சிறந்த செவிலி ஒருவரை எவ்விதப் பயிற்சியும் இன்றித் தலைமையில் அமர்த்தினால், நல்ல செவிலி ஒருவரை இழந்து, தடுமாறும் தலைவி ஒருவரைப் பெறுவோம்.

அம்மையார் பிறந்த இருநூறாம் ஆண்டு என்பதால் 2020ஆம் ஆண்டை உலகச் சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டிலேயே கொரோனாப் பெருந்தொற்று உலகைச் சூழ்ந்தது. உற்றாரும் அருகில் வர இயலாத கூடங்களில் உடனிருந்தோர் செவிலியரே. எவரை எந்நேரம் நிறுத்துவது, இருக்கும் கவச உடைகளைக் கொண்டு எத்தனை நாள் தாங்குவது என்று கணக்கிட்டோர் தலைமைச் செவிலியரே. ஸ்குட்டாரியின் கணக்கேடு அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

சமுதாயப் பெரியோர்க்கு நாம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றுண்டு. பெண்மக்களைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பத் தயங்கும் இல்லங்கள் இன்றும் உள்ளன. இரவுப்பணி, ஆடவர் கூடம், ஊரார் பேச்சு ஆகியவற்றை எண்ணி அஞ்சுகின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில், மதீனாவின் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பேணியவர் ருஃபைதா (ரலி) அவர்கள். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அக்கூடாரத்திலேயே வைத்துப் பேணப்பட்டார்கள். நைட்டிங்கேல் அம்மையாருக்குப் பன்னிரு நூற்றாண்டுகள் முற்பட்டது இவ்வரலாறு. பள்ளிவாசல் முற்றத்தில் இடம்பெற்ற தொண்டு, நம் இல்ல முற்றத்தில் மறுக்கப்படலாகாது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்தெடுக்கும் தாய்க்குச் செவிலி என்று பெயர். பெற்ற தாய்க்கு அடுத்த இடத்தில் வைத்த அச்சொல்லையே தமிழ், மருத்துவமனைப் பெண்ணுக்கும் வழங்கியது. அச்செவிலியருக்குத் தலைவியாக விளங்கப்போகும் உங்கள் தமக்கையரும் தங்கையரும் கணிதமும் கற்கட்டும், கணக்கும் எழுதட்டும், மக்களை நடத்தவும் பழகட்டும். நள்ளிரவில் அவர் வீட்டில் உறங்கும்போதும், நம்மவர் ஒருவர் படுத்திருக்கும் கட்டிலருகே வேளை தவறாமல் மருந்து வந்து சேருமாயின், அத்தலைவி தம் பணியைச் செவ்வனே செய்துள்ளார் என்று பொருள்.